ஜாமூனுக்கு எந்த வண்டி

முதலில் மேளங்கள் நின்றன. எங்கள் பக்கத்து மேளமும் எதிர்ப்பக்கத்து மேளமும் ஒன்றாக நின்றதில் கொருக்குப்பேட்டையின் அந்தச் சந்து ஒரு கணம் காதடைத்துப் போனது போலிருந்தது. எங்களுடையது காதுகுத்து ஊர்வலம். எதிரே வந்தது சாவு. சந்தின் அகலம் ஓர் ஆட்டோ போகும் அளவு. நடுவில், தலையில் ஜிகினா கொண்டையும் கழுத்தில் சலங்கையுமாக எங்கள் ஜாமூன் நின்றுகொண்டிருந்தான்.

ஜாமூன் ஒரு குதிரை. முழு வளர்ச்சி அடைந்த ஆண் குதிரை. உயரம் என் இடுப்புக்குக் கீழே. வெளிநாட்டு இனம், இதற்கு மேல் வளராது. எங்கள் தெருவில் இன்னமும் அவனைக் குட்டி என்றுதான் நினைக்கிறார்கள், "எப்ப பெருசாவும்?" என்று கேட்கிறார்கள். மீஞ்சூருக்கு அப்பால் ஒரு பண்ணை வீட்டுக்காரர் பிள்ளைகளின் பிறந்தநாளுக்காக வாங்கியவன். பிள்ளைகள் படிக்க வெளிநாடு போனார்கள், வீட்டை விற்றார்கள், விற்கும்போது என் அத்தாவைக் கூப்பிட்டு, "இதையும் இந்தக் குட்டி வண்டியையும் நீங்களே ஓட்டிட்டுப் போங்க பாய்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தாவிடம் ஏற்கெனவே இரண்டு வெள்ளைக் குதிரைகளும் கல்யாண சாரட்டும் உண்டு. தண்டையார்பேட்டை முழுக்க சாரட்டு ரஷீது என்றால் தெரியும். மூன்றாவதாக வந்த இவனைப் பார்த்ததும் அம்மா வைத்த பெயர் துண்டு ஜாமூன். துண்டு பிறகு உதிர்ந்துவிட்டது.

"யோவ் பாய், நாய ஓரங்கட்டுய்யா!" என்று எதிர்ப்பக்கம் முன்னால் ஆடிக்கொண்டு வந்தவன் கத்தினான்.

"நாய் இல்லப்பா, குதிர" என்றார் அத்தா.

"குதிரன்னா இன்னா, ரிவர்ஸ் போவாதா?"

போகாது. அதுதான் விஷயம். பாடை திரும்பாது என்பது ஊருக்கே தெரியும். விசேஷ வண்டி பின்னால் போகக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மாப்பிள்ளையையோ சடங்கான பெண்ணையோ ஏற்றிய வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தாலும் அந்த வீட்டில் பிற்பாடு என்ன கெட்டது நடந்தாலும் அது வண்டிக்காரன் தலையில்தான் விடியும். அதனால் எங்கள் குதிரைகளுக்குப் பின்னால் நடக்கக் கற்றுக்கொடுப்பதே கிடையாது. சந்துகளுக்குள்ளேயே பிழைப்பு நடத்துகிற மனிதர்கள் இப்படி ஒரு சட்டம் வைத்திருப்பதைப் போன்ற முட்டாள்தனம் வேறு இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதைச் சொல்லவும் சொன்னேன். எங்கள் சாரட்டின் ஃபேஸ்புக் பேஜுக்கு வீடியோ எடுக்க வந்தவள் நான். அத்தா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் காதுகுத்து வீட்டுக்காரிக்கே சகுனம் பற்றிக் கவலையில்லை. குழந்தையின் அம்மா சௌமியா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள், பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "பரவால்ல பாய், பின்னாடி எட்ங்க. நாங்க ஒண்ணும் நெனக்க மாட்டோம்."

"நீ நெனக்க மாட்டம்மா. குதிரைக்குப் பின்னாடி போவத் தெரியாதே" என்றார் அத்தா.

கடைசியில் ஜாமூனை அவிழ்த்து, திறந்திருந்த ஒரு வீட்டு வாசலுக்குள் தள்ளினோம். குழந்தை வண்டியைவிட்டு இறங்க மாட்டேன் என்று கம்பியைக் கட்டிக்கொண்டது. சாவு வீட்டு ஆட்கள் நான்கு பேர் வண்டியைக் குழந்தையோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். அடியில், தாழ்த்திப் பிடித்த பாடை போனது. மேலே இருந்து குழந்தை பிணத்துக்கு டாட்டா காட்டியது. யாரோ ஒருவர் அடக்க முடியாமல் சிரிக்க, இரண்டு ஊர்வலமும் சிரித்துவிட்டது. செத்தவரின் மகன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஜாமூன் அந்த வீட்டுக்குள் ஆய்ந்து வைத்திருந்த அரைக்கீரையைத் தின்றுகொண்டிருந்தான். வண்டியை இறக்கும்போது டொக்கென்று ஒரு சத்தம். ஏற்கெனவே துருப்பிடித்திருந்த அச்சு இரண்டாக உடைந்தது.

அந்த வண்டி இனித் தேறாது. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: ஜாமூனுக்கு எந்த வண்டி.

குதிரை வண்டி என்றால் வெளியே இருப்பவர்களுக்கு எல்லாம் ஒன்று. அப்படி இல்லை. சாரட்டு நான்கு சக்கரம், கனம், அன்னப்பறவை வளைவு; அதற்குப் பழக்கும் குதிரை மேளத்தில் அசையாமல், கால் தூக்கி மெதுவாக நடக்க வேண்டும். ரேக்ளா இரண்டு சக்கரம், காற்று மாதிரி லேசு. அதற்குப் பழக்கும் குதிரை பக்கத்தில் எது வந்தாலும் ஓட மட்டும் வேண்டும். ஒன்றுக்குப் பழகிய குதிரையை இன்னொன்றுக்கு மாற்றுவது, கணக்கு படித்தவளை நர்ஸ் வேலைக்கு அனுப்புகிற மாதிரி. வண்டி, வாரு, பழக்கம் எல்லாவற்றையும் ஒரு தடவைதான் தீர்மானிக்க முடியும். அத்தா குட்டிச் சாரட்டு என்றார். காதுகுத்து, சுன்னத்து, பிறந்தநாள், பிள்ளைகள் விசேஷம் வருஷம் முழுக்க வரும். என் அண்ணன் ஃபர்ஹான் ரேக்ளா என்றான். அவன் ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எண்ணூர் ரோட்டில் குதிரை ஓட்டிப் பார்க்கும் கூட்டத்தோடு தோஸ்து.

என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு வேண்டியது லகான். வேறொன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து இந்த வீட்டுக் குதிரைகளுக்குக் கொள்ளு வேகவைத்திருக்கிறேன், தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன், லத்தி அள்ளியிருக்கிறேன். லத்தி அள்ளிவிட்டு, குளித்து, பஸ் பிடித்துப் போய் பி.காம். முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில், அத்தா பக்கம் அம்மா பக்கம் இரண்டிலும், முதல் டிகிரி. இப்போது திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை. "படிச்ச பொண்ணு சாணி அள்ளலாமா?" என்று கேட்கிறவர்கள் யாரும் ஒருநாள்கூட முறத்தை வாங்கிக்கொண்டதில்லை. அள்ளுவதற்கு நான் பெண், ஏறி உட்காருவதற்கும் பெண். முதலாவதற்கு அது தகுதி, இரண்டாவதற்கு அது குறை. வெள்ளைக் குதிரைகளைக் கேட்டபோது, "குதிர பெருசு, உன் கை தாங்காது" என்றார்கள். சரி. இப்போது இடுப்பளவு குதிரை வந்திருக்கிறது. "பொம்பளப் புள்ள வண்டி மேல குந்திகினு போனா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா.

"ஏன், அது மேல ஏர்றதுக்கு மீச வோணுமா?"

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இன்னான்னு சொல்லுவேன்? வண்டிக்காரின்னா?"

"ஆமான்னு சொல்லு. பாதிப் பேரு வாசல்லியே திரும்பிடுவானுங்க. டீ மிச்சம்."

அம்மா கரண்டியை ஓங்கினாள். ஓங்கின கையாலேயே பிறகு ஒரு சப்பாத்தியைச் சுருட்டிக் கொட்டகைப் பக்கம் எடுத்துப்போனாள். குதிரைக்குச் சப்பாத்தி கொடுக்கக் கூடாது என்று மற்றவர்களைத் திட்டுகிறவளும் அவள்தான்.

ஃபர்ஹான் பேச்சோடு நிற்கவில்லை. யாரிடமோ சின்ன ரேக்ளா வண்டி ஒன்றை இரவல் வாங்கி, வாரை எல்லாம் இழுத்துக் கட்டி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஜாமூனை எண்ணூர் ரோட்டுக்கு ஓட்டிப்போனான். நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே போனேன். போகும் வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் பொய் சொல்ல மாட்டேன்: ஜாமூன் நன்றாக ஓடினான். ஒரு பக்கம் கடல், கல்லில் அலை அடித்துச் சிதறுகிறது, இவன் நான்கு குட்டிக் கால்களும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பிடரி பறக்க ஓடுகிறான். எனக்கே ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு வந்தது. அப்புறம் ஃபர்ஹானின் தோஸ்துகள் பைக்கில் இரண்டு பக்கமும் வந்தார்கள். சைலன்சரைக் கழற்றிய பைக்குகள். அதுதான் அங்கே முறை. குதிரையைப் பைக்கால் நெருக்கி, கத்தி, வேகம் ஏற்றுவார்கள். ஜாமூனின் வேகம் ஏறியது. அவன் கண்ணில் வெள்ளை தெரிந்தது. அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிறுத்தியபோது அவன் விலா நடுங்கிக்கொண்டிருந்தது. ஃபர்ஹான் இறங்கி ஓடிவந்து தன் குடிதண்ணீரை அவன் கழுத்தில் ஊற்றினான். முகமெல்லாம் பெருமை.

"பாத்தியா சைமா? இன்னா பாய்ச்சல் பாத்தியா?"

"பயத்துல ஓடுறான். ஆசைல இல்ல."

"நீ இன்னா குதிர டாக்டரா? ஓடுற குதிர அல்லாமே பயத்துலதான் ஓடும். நீ இஸ்கோலுக்கு ஆசையிலயா போன?"

"ஆமா. ஆசைலதான் போனேன்."

அவன் எட்டாவதோடு நின்றவன். ஜாமூனின் நெற்றி மயிரை ஒதுக்கி, அந்த நடுக்கம் அடங்கும்வரை கையை அங்கேயே வைத்திருந்தான். திரும்பி வரும்போது பைக்குக்காரர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, நடையில்தான் ஓட்டி வந்தான்.

எனக்கு வேறு ஒரு யோசனை இருந்தது. இந்த இனக் குதிரைகளை மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்று போனில் தேடிப் பார்த்திருந்தேன். அங்கேயும் ஓட்டம் உண்டு, அலங்கார நடை உண்டு. இன்னொன்றும் உண்டு: கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே வளைத்து வளைத்து, ஒன்றையும் தட்டாமல் ஓட்டுவது, குறுகலான இடத்துக்குள் போய்த் திரும்பி வருவது, பின்னால் எடுப்பது. அதை வயதான பொம்பளைகள் தொப்பி போட்டுக்கொண்டு செய்கிறார்கள். பார்த்தவுடன் நான் நினைத்தது, இதற்கு மைதானம் எதற்கு, எங்கள் கொருக்குப்பேட்டை போதுமே என்பதுதான். தண்ணீர் லாரி, குடங்கள், சைக்கிள், படுத்திருக்கும் மாடு. யார்டில் உடைந்து ஓரமாகக் கிடந்த சாலைக் கூம்புகளைக் கேட்டு வாங்கி வந்து, கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் காலிமனையில் அடுக்கினேன். இரவல் வண்டி இன்னும் எங்களிடம்தான் இருந்தது. அத்தா சவாரிக்குப் போகும் நேரம் பார்த்து ஜாமூனைப் பூட்டினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்த பிறகு கேட்பது மரியாதை இல்லை, நேர விரயம்.

முன்னால் போவது இரண்டே நாளில் வந்துவிட்டது. கூம்புகளுக்கு நடுவே அவன் பூனை மாதிரிப் போனான். லகானை இழுக்கக்கூட வேண்டாம். விரலை மடக்கினால் போதும், அது அவன் வாய்வரை போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சின்ன உயிர் தோல்வாரின் மறுமுனையில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறது என்பதை என் கை முதன்முதலாக உணர்ந்த அன்று, ஆபீசில் நாள் முழுக்க யாரிடமும் சண்டை போடவில்லை. பக்கத்து சீட்டு பவானி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

பின்னால் எடுப்பதுதான் வரவில்லை. "பின்னாடி" என்று சொல்லி லகானை லேசாகப் பிடித்தால், ஜாமூன் கழுத்தை வளைத்து, இந்தப் பொண்ணுக்குப் பைத்தியமா என்று பார்ப்பான். மாவு உருண்டை, வெல்லம் எல்லாம் காட்டி ஓர் அடி வைக்கச் செய்தால், வண்டி கோணிக்கொண்டு கூம்பின் மேல் ஏறும். அந்த வெள்ளிக்கிழமை இப்படித் திணறிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம். சுவர்மேல் ஃபர்ஹான் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தான்.

"எவ்ளோ நேரமா குந்திகினுகீற?"

"நாலு பஜ்ஜி நேரமா. ஏய், வண்டி எப்டி வரும்னே தெரியாம இன்னாத்துக்கு ரிவர்ஸ் எட்க்குற? முன்பக்கம் லெப்ட்ல போனா பின்பக்கம் ரைட்ல போவும். நாப்பதடி டிரெய்லர ரெண்டு கண்டெய்னருக்கு நடுவுல வுட்றவன் நானு. எறங்கு."

இறங்கினேன். அவன் ஏறினான். ஏறிய வேகத்தில் வண்டியை இழுத்து வேலிக் கம்பத்தில் மோதினான். ஜாமூன் நகராமல் நின்று வாலை ஆட்டினான்.

"இன்னா டிரைவர் சார், ஸ்டியரிங் எங்க?"

"நீ வாய மூடு. இவன் நான் சொல்றதுக்கு முன்னாடியே கால வெக்கிறான்."

"லாரி யோசிக்காது. இவன் யோசிப்பான்."

அதன்பிறகு நாங்கள் சிரிக்கவுமில்லை, சண்டை போடவுமில்லை, வேலை செய்தோம். நான் மேலே. அவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து நடந்துகொண்டு, ஹார்பரில் கிளீனர் கத்துகிற மாதிரி, "வா... வா... வா... ஒடி... நேர் பண்ணு..." என்று கூவினான். அவன் சக்கரத்தைப் பார்த்தான், நான் ஜாமூனின் தோளைப் பார்த்தேன். ஓர் அடி சொல்லி ஓர் அடி. நிற்க வேண்டும். தட்டிக்கொடுக்க வேண்டும். இன்னோர் அடி. கூட்ஸ் வண்டி ஒன்று பக்கத்தில் கடகடத்துப் போய் முடிவதற்குள், ஜாமூன் இரண்டு கூம்புகளுக்கு நடுவே, கோணாமல், பின்னங்கால் ஒவ்வொன்றாக நிதானமாக எடுத்து வைத்துப் போய் நின்றான். ஃபர்ஹான் விரலை வாயில் வைத்து அடித்த பிகிலில் தண்டவாளத்தில் மேய்ந்த காக்காய்கள் பறந்தன.

"இன்னொரு வாட்டி" என்றான். "டேய், இன்னொரு வாட்டிடா ஜாமூனு." ரேக்ளா என்ற வார்த்தை அவன் வாயில் அன்று வரவே இல்லை.

ஆறாவது தடவையோ ஏழாவதோ, நான் தலையைத் திருப்பிப் பார்த்தபோது அத்தா நின்றுகொண்டிருந்தார். தொழுதுவிட்டு வந்த தொப்பியோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

சரி, ஆரம்பிக்கலாம் என்று நானே ஆரம்பித்தேன். "அத்தா, சகுனம் கிகுனம்னு சொல்லாத. அன்னிக்கு அந்தம்மாவே பின்னாடி எடுக்கச் சொல்லுச்சு. பாக்கவேண்டியவங்களே பாக்கல, நாம எதுக்குப் புட்ச்சிகினு தொங்கணும்?"

அவர் கோபப்படவில்லை. ஜாமூன் பக்கத்தில் வந்து கடிவாளத்தை விரல்விட்டுப் பார்த்தார். "சகுனம் ஜனங்களுக்கு. எனக்கு இன்னா வந்துச்சு? பின்னாடி போலாம்னு குதிரைக்கு ஒருவாட்டி தெரிஞ்சிட்ச்சுன்னா, பயந்தா அதத்தான் செய்யும். ஒரு பட்டாசு வெட்ச்சா போதும். வண்டிக்குப் பின்னாடி நடக்குறவங்க பொம்பளைங்க, புள்ளைங்க. அதுங்க மேல ஏறிடும். எங்க அத்தா காலத்துல ஏறிச்சு. அப்ப வெச்ச சட்டம் இது."

இதை அவர் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. முட்டாள்தனம் என்று சந்தில் வைத்துக் கத்தினேனே, அது நினைவுக்கு வந்து காது சுட்டது. ஆனாலும் லகானை விடவில்லை.

"சொன்னாத்தான் போவான்" என்றேன். "பாரு."

ஃபர்ஹானிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனையோரம் கிடந்த தகர டின்னை எடுத்து வந்து, ஜாமூனுக்கு நேர் எதிரே நின்று, கல்லால் ஓங்கி ஓர் அடி அடித்தான். அந்தச் சத்தத்துக்கு எனக்கே உடம்பு தூக்கிப் போட்டது. ஜாமூன் தலையைத் தூக்கினான். முதுகு சுருங்கியது. பின்னங்கால் ஒன்று பின்னால் போனது.

"நில்லு."

கத்தவில்லை. பேசும் குரலில்தான் சொன்னேன். நின்றான். ஃபர்ஹான் இன்னும் இரண்டு தடவை அடித்தான். ஜாமூனின் தோல் ஈ உட்கார்ந்த மாதிரித் துடித்தது, கால் அசையவில்லை.

"ஒரு அடி போச்சு" என்றார் அத்தா.

"நின்னுச்சு இல்ல?"

"ஒரு அடி போச்சு."

"இன்னும் பத்து நாள் குடு. அதும் போவாது."

அவர் ஃபர்ஹானைப் பார்த்து, "உங்கம்மா டீ போட்டுச்சான்னு பாரு" என்றார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டையும் தோல்வி என்று அறிவிக்கப்படுவதில்லை, டீ கேட்கப்படும்.

மறுநாள் ஆபீசுக்கு நான் பாதிநாள் லீவு சொன்னேன். அத்தா சொல்லச் சொல்லியிருந்தார். காரணம் சொல்லவில்லை. ஸ்கூட்டியில் அவரைப் பின்னால் உட்காரவைத்து, அவர் காட்டிய வழியில் ஓட்டினேன். போய் நின்ற இடம் திருவொற்றியூர் குமாரவேல் அண்ணனின் வெல்டிங் பட்டறை. படகுக்கு நங்கூரம், மீன்பாடி வண்டிக்குச் சட்டம், எங்கள் சாரட்டுக்கு அச்சு எல்லாம் அங்கேதான். அவர் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வா பாய். முடிவு பண்ணிட்டியா? சாரட்டா, ரேக்ளாவா?" என்றார்.

"ரெண்டும் இல்ல. சந்துல போற வண்டி."

"அது இன்னா வண்டி?"

அத்தா என் பக்கம் மோவாயை அசைத்தார். "அவளக் கேளு."

குமாரவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வழியெல்லாம் சண்டைக்குத் தயாராக வந்திருந்தேன். சண்டைக்கு ஆளே இல்லை. இரண்டு சக்கரம் என்றேன். சக்கரம் தள்ளித் தள்ளி இருக்கணும், வளைக்கும்போது சாயக் கூடாது. இருக்கை தாழ்வாக. பக்கத்தில் ஒரு குழந்தை உட்காரும் இடம். ஜிகினா வேண்டாம், காதுகுத்து அன்றைக்குக் கட்டிக்கொள்ளலாம். எதற்கு ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "இன்னும் தெரியாதுண்ணா. விசேஷத்துக்கும் போவும். கூம்பு வெச்சுப் போட்டி வெச்சா அதுக்கும் போவும். சும்மாவும் போவும்" என்றேன். சும்மா என்ற சொல்லை அத்தா முன்னால் அவ்வளவு நிம்மதியாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தலையாட்டிக்கொண்டே கரித்துண்டால் தரையில் கோடு போட்டார். இரண்டு நீட்டுக் குழாய்களைப் போட்டு, குறுக்கே ஒரு பலகையை வைத்து, அடியில் அச்சை வைத்தார். குதிரையின் இரு விலாவிலும் வரும் அந்தக் குழாய்கள் எந்தப் பக்கமும் அழுத்தக் கூடாது, முன்னால் அழுத்தினால் குதிரையின் முதுகு புண்ணாகும், பின்னால் அழுத்தினால் வயிற்று வார் அறுக்கும் என்று எனக்காகச் சொன்னார். "ரெண்டு சக்கர வண்டின்னா ஓட்றவன் எடைக்குத்தான் அச்சு வெக்கணும். ஃபர்ஹானு எண்பது இருப்பான்ல? பாய் நீ எழுபதா?"

அத்தா வாசலில் நின்று கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்:

"சைமா, ஏறிக் குந்து."

செருப்பைக் கழற்றினேன். எதற்குக் கழற்றினேன் என்று தெரியவில்லை. பலகையில் உட்கார்ந்து, காலை நீட்டி, லகான் இல்லாமலே மூடிய இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் அச்சைச் சுத்தியால் தட்டித் தட்டி ஒரு விரல் பின்னால் நகர்த்தினார். குழாய்களின் முனை தரையில் இடித்தது. அரை விரல் முன்னால். முனை எழும்பி என் கண் உயரத்துக்குப் போனது. "மூச்ச இழுக்காதம்மா, சாதாரணமா குந்து" என்றார். விட்டேன். மறுபடி தட்டினார். பிறகு சுத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மெதுவாக எடுத்தார்.

யாரும் பிடிக்கவில்லை. பட்டறைக்குள் உப்புக் காற்று வந்துபோக, எனக்கு முன்னால் அந்த இரண்டு குழாய்களும் தரையைத் தொடாமல், மேலேயும் போகாமல், அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன.